பாயின்ட் போச்சு, எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தாச்சு... ஆனா கார் ரேடியோ ஏன் ‘டிக் டிக்’னு கத்துது?

தாத்தா ஓட்டிய அம்பாசடர், அப்பா ஆசையா வாங்கிய பிரீமியர் பத்மினி, வீட்டுக்கு வந்த முதல் கார் மாருதி 800... மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் சில வீட்டு போர்டிகோக்களில் இப்படி ஒரு பழைய வண்டி கவர் போட்டு நிற்பதை இன்னமும் பார்க்கலாம். அதைத் திரும்ப ரோட்டுக்குக் கொண்டுவரணும்னு களமிறங்கும் இளைஞர்கள் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று, இக்னிஷன்.

காரணம் சிம்பிள். பழைய ‘பாயின்ட்’ சிஸ்டத்தை அடிக்கடி கழற்றித் தேய்க்கணும், இடைவெளி வைக்கணும், கன்டென்சர் மாத்தணும். அதற்குப் பதிலாக ஒரு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. அரை நாள் வேலை. சாவியைத் திருப்பியதும் வண்டி பட்டென்று ஸ்டார்ட் ஆகும். செம!

ஆனால், எஃப்.எம் போட்டதும்தான் சில வண்டிகளில் கதையே மாறும். பாட்டுக்குப் பின்னால் ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் வேகமாகும். சில வண்டிகளில் ஆர்.பி.எம் முள் காரணமில்லாமல் துள்ளும். இன்னும் சில வண்டிகளில் இன்ஜினே ‘மிஸ்ஸிங்’ அடிக்கும்.

கிட் டூப்ளிகேட்டா? மெக்கானிக் சொதப்பிட்டாரா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. இது மின்காந்த இடையூறு. இதற்கான தீர்வு கிட்டுக்குள் இல்லை, வயரிங்கில் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஸ்பார்க்கும் ரேடியோவும் ஒரே குடும்பம்!

ரேடியோ அலை என்ற ஒன்று இருப்பதை ஹென்ரிக் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் நிரூபித்தது எதை வைத்து? மின்பொறியை வைத்து. இரண்டு உலோக முனைகளுக்கு இடையே பொறி பறக்கவிட்டார். சற்றுத் தள்ளி இருந்த வளையத்தின் சின்ன இடைவெளியிலும் பொறி வந்தது. மார்க்கோனியின் ஆரம்பகால டிரான்ஸ்மிட்டர்களும் பொறியில்தான் ஓடின. இன்று எஃப்.எம் டயலில் நாம் பார்க்கும் ‘மெகாஹெர்ட்ஸ்’ அந்த ஹெர்ட்ஸின் பெயர்தான்.

அந்தப் பொறி டிரான்ஸ்மிட்டர்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரே அலைவரிசையில் அடங்காது. அக்கம்பக்கத்தில் யார் ரேடியோ கேட்டாலும் அதில் போய் மூக்கை நுழைக்கும். அதனால்தான் பிற்பாடு அவை வழக்கொழிந்தன.

இப்போது ஸ்பார்க் பிளக்கை யோசித்துப் பாருங்கள். இரண்டு உலோக முனை, நடுவில் சின்ன இடைவெளி, பல ஆயிரம் வோல்ட். அதே ஹெர்ட்ஸ் பரிசோதனைதான், இன்ஜினுக்குள் நடக்கிறது. அதாவது, ஒவ்வொரு பெட்ரோல் வண்டியும் தன்னையறியாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டிரான்ஸ்மிட்டர்.

சென்னைக்கு இது புதிய அனுபவமும் இல்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று மெட்ராஸில் தூர்தர்ஷன் வந்தது. தெருவில் ஸ்கூட்டர் ஒன்று கடந்தால் கறுப்பு வெள்ளைத் திரையில் புள்ளி புள்ளியாகக் கோடு ஓடுமே, அந்தத் தலைமுறையிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தக் கோடு வேறொன்றும் இல்லை, ஸ்கூட்டரின் ஸ்பார்க் பிளக் அனுப்பிய ‘ஒளிபரப்பு’.

இந்தச் சிக்கலைக் கட்டுப்படுத்தவே 1934இல் சி.ஐ.எஸ்.பி.ஆர் என்ற சர்வதேசக் குழு உருவானது. வண்டிகளிலிருந்து எவ்வளவு இடையூறு வெளியே வரலாம் என்று அது அளவு நிர்ணயித்திருக்கிறது. இந்தியாவில் வாகனங்களுக்கான மின்காந்த விதிமுறைகள் ஏ.ஐ.எஸ்-004 என்ற தரநிலையில் இருக்கின்றன. புதிய கார் இந்தச் சோதனைகளைத் தாண்டித்தான் ஷோரூமுக்கு வருகிறது. ஆனால், 40 வருடப் பழைய வண்டியில் நாமே ஒரு கிட் வாங்கி மாட்டும்போது அந்தச் சோதனையைச் செய்ய யாரும் இல்லை. நாமேதான் கவனமாக இருக்கணும்.

பழையது எப்படி? புதியது எப்படி?

பாயின்ட் சிஸ்டத்தின் வேலை ஒரு சுவிட்சின் வேலைதான். பேட்டரியிலிருந்து 12 வோல்ட், காயிலின் முதல் சுற்றுக்குள் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கேம் சுழன்று பாயின்ட்டைத் திறக்கும்போது அந்தக் கரன்ட் சட்டென்று அறுபடுகிறது. காந்தப்புலம் சரிகிறது. அந்த நொடியில் காயிலின் இரண்டாம் சுற்றில் 15,000, 20,000 வோல்ட் என்று எகிறுகிறது. அது ரோட்டர் வழியாக, பிளக் வயர் வழியாக, உரிய சிலிண்டருக்குப் போகிறது.

4 சிலிண்டர், 4 ஸ்ட்ரோக் இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்மில் ஓடினால் நொடிக்கு 100 ஸ்பார்க். சிக்னலில் 800 ஆர்.பி.எம்மில் நிற்கும்போதுகூட நொடிக்கு 26, 27. ஆக்ஸிலரேட்டருடன் சேர்ந்து ‘டிக் டிக்’ வேகமாவது இதனால்தான்.

எலக்ட்ரானிக் கிட்டில் பாயின்ட்டுக்குப் பதில் ஒரு சென்சார் இருக்கும். காந்தத்தை உணரும் ‘ஹால்’ சென்சார், காந்த பிக்கப் காயில், அல்லது ஒளியை வைத்து வேலை செய்யும் வகை. அது சொல்லும் நேரத்தில் ஒரு டிரான்சிஸ்டர் காயில் கரன்ட்டை வெட்டும். சி.டி.ஐ என்பது இன்னொரு வகை. அது ஒரு கெப்பாசிட்டரில் சில நூறு வோல்ட் சேமித்துவைத்து, அதை ஒரே போடாகக் காயிலுக்குள் கொட்டும்.

இங்கேதான் முக்கியமான ஒரு விஷயம். சாதாரண எலக்ட்ரானிக் கிட் போட்டாலே சத்தம் கூடிவிடும் என்பது இல்லை. ஆனால் கிட்டோடு சேர்த்து பலர் இன்னும் மூன்று வேலை செய்கிறார்கள். பவர் அதிகமான காயில் போடுகிறார்கள். ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று சொல்லி செம்புக் கம்பி பிளக் வயர் போடுகிறார்கள். பிளக்கின் இடைவெளியைக் கூட்டுகிறார்கள். சத்தம் கூடுவது பெரும்பாலும் இந்த மூன்றால்தான்.

இன்னொன்று, பழைய பாயின்ட் ஒரு இரும்புத் துண்டு. பக்கத்தில் எவ்வளவு மின்காந்த இரைச்சல் இருந்தாலும் அதற்குக் ‘காது கேட்காது’. சென்சாரும் சிப்பும் அப்படி இல்லை, அவற்றுக்குக் கேட்கும். ஆக, சத்தம் போடுவதும் இக்னிஷன்தான், அந்தச் சத்தத்தால் பாதிக்கப்படுவதும் இக்னிஷன்தான்.

ரேடியோ மட்டும்தானே, விட்டுடலாமா?

‘நான் ப்ளூடூத்தில்தான் பாட்டு கேட்பேன், எஃப்.எம் எதுக்கு?’ என்று தோன்றலாம். அப்படி விட்டுவிட முடியாது. இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், பாதுகாப்பு. பிளக் வயரை ஒட்டி சென்சார் வயர் போனால், ஸ்பார்க் அடிக்கும்போதெல்லாம் அதில் ஒரு பொய் சிக்னல் ஏறும். ‘இப்போ அடிக்கணும்’ என்று சிப் தப்பாகப் புரிந்துகொள்ளும். நேரம் தவறி ஸ்பார்க் வந்தால் இன்ஜின் குலுங்கும், சைலன்ஸரில் ‘டப்’ என்று வெடிக்கும், மொத்தமாக நின்றும் போகலாம். வீட்டு வாசலில் நின்றால் பரவாயில்லை. அடையாறு திரு.வி.க. பாலத்தின் நடுவில், பின்னால் மாநகரப் பேருந்து வரும்போது நின்றால்? ரேடியோவில் கேட்கும் ‘டிக் டிக்’ என்பது அதற்கான முன்னறிவிப்பாகக்கூட இருக்கலாம்.

இரண்டாவது காரணம், ரேடியோவே தேவைப்படும் நாள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தென் சென்னையின் பல பகுதிகளில் கரன்டும் இல்லை, மொபைல் நெட்வொர்க்கும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் செய்தி கேட்கக் கைவசம் இருப்பது கார் ரேடியோதான். 1924இல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கிய ஊர் இது. 1977இல் நாட்டிலேயே முதல் எஃப்.எம் சேவை தொடங்கியதும் இங்கேதான்.

எஃப்.எம்மை விட மீடியம் வேவில் தொல்லை அதிகம். மீடியம் வேவ் ஒலிபரப்பில் பாட்டும் பேச்சும் அலையின் உயரத்தில் ஏறி வருகின்றன. ஸ்பார்க் இரைச்சலும் உயரத்தைத்தான் கெடுக்கும். அதனால் 720 கிலோஹெர்ட்ஸில் வரும் சென்னை வானொலி கேட்டால் இரைச்சல் அப்பட்டமாகத் தெரியும். எஃப்.எம்மில் ஓரளவு தப்பிக்கலாம். ஆனால் ஈ.சி.ஆரில் ஊரைத் தாண்டி சிக்னல் பலவீனமாகும்போது அங்கேயும் தலைகாட்டும்.

சத்தம் எந்த வழியா வருது?

மூன்று வழிகள்தான்.

1. காற்று வழியாக: பிளக் வயர் ஓர் ஆன்டெனா மாதிரி வேலை செய்யும். 101.4 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் நான்கில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 74 சென்டிமீட்டர். நல்ல ஆன்டெனாவுக்கான நீளம் அது. பிளக் வயர்களும் காயில் வயரும் ஏறக்குறைய அந்த ரேஞ்சில்தான் இருக்கும். வேறென்ன வேணும்?

2. பவர் வயர் வழியாக: சாதாரணமாக 3 ஓம் அளவுள்ள காயில், 14 வோல்ட்டில் 4 முதல் 5 ஆம்பியர் வரை இழுக்கும். அதை நொடிக்கு 100 முறை வெட்டி வெட்டிச் சேர்க்கிறோம். ஸ்டீரியோவும் காயிலும் ஒரே வயரிலிருந்து கரன்ட் எடுத்தால், அந்த ஏற்ற இறக்கம் நேராக ஸ்பீக்கருக்குப் போகும்.

3. எர்த் வழியாக: இன்ஜினிலிருந்து பாடிக்கும் பேட்டரிக்கும் போகும் எர்த் சரியில்லை என்றால், கரன்ட் வேறு வழி தேடும். ஆன்டெனா கேபிளின் உறை, ஆக்ஸிலரேட்டர் கேபிள் என்று எது கிடைத்தாலும் அதன் வழியே போகும். சென்னையில் இது அதிகம் கவனிக்க வேண்டிய விஷயம். சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்கரைப் பகுதிகளில் உப்புக்காற்று எர்த் லக்குகளைச் சீக்கிரம் அரித்துவிடும்.

ரீஸ்டோர் பண்ணிய வண்டிகளில் இன்னொரு வேடிக்கை நடக்கும். பாடி முழுக்கப் புதுசா பெயின்ட் அடித்திருப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் எர்த் போல்ட்டுக்கு அடியிலும், ஆன்டெனா அடிப்பகுதியிலும், பானெட் கீலிலும் அதே பெயின்ட்தான் மின்தடையாக உட்கார்ந்திருக்கும்.

காசு செலவு பண்ணும் முன்: 15 நிமிட டெஸ்ட்

எதையும் வாங்குவதற்கு முன் எங்கிருந்து சத்தம் வருது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் இதைச் செய்யலாம்.

● இன்ஜின் ஆஃப், சாவி மட்டும் ஆன்: அப்போதே கரகரப்பு இருந்தால் இக்னிஷன் மேல் பழி போடாதீர்கள். மலிவான யு.எஸ்.பி சார்ஜர், எல்.இ.டி லைட், டேஷ்கேம்... ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

● இன்ஜின் ஆன்: ‘டிக் டிக்’ என்று தனித்தனியாகத் தட்டினால் இக்னிஷன். ‘ங்ஙொய்ய்’ என்று விசில் மாதிரி ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டர். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

● ஆன்டெனா கேபிளை ஸ்டீரியோவின் பின்னாலிருந்து உருவுங்கள்: சத்தம் நின்றால் அது காற்று வழியாக ஆன்டெனாவுக்குள் வருகிறது. நிற்கவில்லை என்றால் பவர் வயரோ எர்த்தோதான் காரணம்.

● கையடக்க மீடியம் வேவ் ரேடியோ: ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் டியூன் செய்து, வால்யூம் கூட்டி, திறந்த பானெட்டுக்கு அருகே மெதுவாக நகர்த்துங்கள். ஃபேன், பெல்ட், பிளக் வயர் எதிலும் கை படக் கூடாது. எங்கே சத்தம் உச்சத்துக்குப் போகிறதோ அங்கேதான் குற்றவாளி.

● மல்டிமீட்டர் இருந்தால்: ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும்போது 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டிப் போனால் எர்த்தைச் சந்தேகப்படலாம்.

● இருட்டில் பானெட்டைத் திறந்து பாருங்கள்: ஓடும் இன்ஜினில் பிளக் வயர் மேலோ, டிஸ்ட்ரிபியூட்டர் கேப் மேலோ நீல வெளிச்சம் மினுக்கினால் கரன்ட் கசிகிறது. மழைக்காலத்தில் வண்டி மிஸ்ஸிங் அடிக்கவும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. எலக்ட்ரானிக் இக்னிஷனில் 30,000 வோல்ட்டுக்கு மேலும் போகலாம். ஓடும்போது பிளக் வயரைக் கையால் உருவிப் பார்ப்பதெல்லாம் வேண்டாம், ஷாக்கும் அடிக்கும், கிட்டும் எரியும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் இன்ஜின் மேல் குனிவதற்கு முன் எவ்வளவு தள்ளி நிற்கணும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

வயரிங்: இந்த 8 விஷயத்தைச் சரியா செய்தால் போதும்

1. பிளக் வயரை மாத்துங்கள். செம்புக் கம்பி வயர் வேண்டாம். கார்பன் கோர் அல்லது சுருள் கம்பி வகை ‘சப்ரஷன்’ வயர் கேளுங்கள். பல எலக்ட்ரானிக் கிட் தயாரிப்பாளர்கள் தங்கள் வழிமுறைத் தாளிலேயே செம்புக் கம்பி வயர் போடக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். மல்டிமீட்டரில் பார்த்தால் நல்ல கார்பன் வயர் சில ஆயிரம் ஓம் காட்டும். அளவே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்திருக்கிறது. அதற்குள்ளேயும் பொறி பறக்கும், சத்தம் இரட்டிப்பாகும்.

2. ரெசிஸ்டர் பிளக் போடுங்கள். என்.ஜி.கே பிளக்கில் ‘பி.பி.6.இ.எஸ்’ என்றால் சாதாரணம், ‘பி.பி.ஆர்.6.இ.எஸ்’ என்றால் ரெசிஸ்டர். நடுவில் வரும் அந்த ‘ஆர்’ எழுத்துதான் அடையாளம். உங்கள் வண்டிக்கு உரிய ஹீட் ரேஞ்ச் நம்பரை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

‘ரெசிஸ்டர் போட்டா ஸ்பார்க் வீக் ஆகிடுமே?’ காலங்காலமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்பார்க் எரியும்போது போகும் கரன்ட் ஏறக்குறைய 50 மில்லிஆம்பியர் என்று வையுங்கள். 5,000 ஓம் ரெசிஸ்டரில் இழக்கும் வோல்டேஜ் 250தான். 20,000 வோல்ட்டில் 250 போனால் வண்டிக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பொறி பறக்கும் அந்த முதல் நொடித்துளியில் பாயும் பெரிய கரன்ட் அலையை இதே ரெசிஸ்டர் அடக்கிவிடும். ரேடியோவில் கேட்கும் சத்தம் அந்த அலைதான்.

3. சென்சார் வயரைத் தள்ளி வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் மெல்லிய வயர்களை பிளக் வயர், காயில் வயர் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். தவிர்க்க முடியாமல் குறுக்கே போகணும் என்றால் செங்குத்தாக, கூட்டல் குறி மாதிரி கடக்கவிடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இணையாக ஓடினால்தான் தொல்லை.

4. பின்னி விடுங்கள். காந்த பிக்கப் வகை கிட்டில் இரண்டு சென்சார் வயர்களையும் ஜடை மாதிரி ஒன்றோடொன்று முறுக்கி விட்டால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறி ஒன்றையொன்று தீர்த்துவிடும். உறை போட்ட வயர் என்றால் அந்த உறையை ஒரு பக்கம் மட்டும் எர்த் செய்யணும். எந்தப் பக்கம் என்று கிட்டின் தாளில் இருக்கும்.

5. பவருக்குத் தனி வழி. கிட்டுக்கான 12 வோல்ட்டை ஸ்டீரியோ வயரிலிருந்து ‘டேப்’ அடிக்காதீர்கள். சி.டி.ஐ பாக்ஸ் என்றால் தடிமனான பவர் வயரும் எர்த் வயரும் நேரடியாகப் பேட்டரிக்கே போவது நல்லது. ஃபியூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர் என்பதில் கிட் தாள் சொல்வதைக் கேளுங்கள். ஸ்டீரியோவுக்கும் தனி ஃபியூஸ், தனி வயர்.

6. எர்த்தைச் சுரண்டுங்கள். இன்ஜினிலிருந்து பாடி, பாடியிலிருந்து பேட்டரி, இரண்டு எர்த் பட்டைகளையும் கழற்றி, உப்புத்தாள் போட்டு உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். ஆன்டெனா அடிப்பகுதிக்கும் இதே வைத்தியம். பானெட்டுக்கும் பாடிக்கும் ஒரு சின்ன எர்த் பட்டை போட்டால் பானெட்டே ஒரு தடுப்புச் சுவராக வேலை செய்யும்.

7. கெப்பாசிட்டரைச் சரியான பக்கம் போடுங்கள். பழைய காலத்து ரேடியோ கார்களில் காயில் மேல் ஒரு சின்ன டப்பா இருக்கும். அதுதான் சப்ரஷன் கெப்பாசிட்டர். சாவியிலிருந்து 12 வோல்ட் வரும் பாசிட்டிவ் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில்தான் அது இருக்கணும். காயிலின் நெகட்டிவ் முனையில் போட்டால் எலக்ட்ரானிக் கிட் குழம்பிவிடும். பாயின்ட்டோடு இருந்த பழைய கன்டென்சரையும் கிட் தாள் சொன்னபடி கழற்றிவிடணும்.

8. ஸ்டீரியோவுக்கு ஃபில்டர் கடைசியில்தான். மேலே சொன்ன ஏழும் செய்த பிறகும் பவர் வயர் வழியாகச் சத்தம் வந்தால், ஸ்டீரியோவின் பவர் வயரில் ஒரு நாய்ஸ் ஃபில்டரும், வயர்கள் மேல் கிளிப் மாதிரி மாட்டும் ஃபெரைட் வளையமும் போடலாம். முதலிலேயே இதைப் போடுவது, ஓட்டை வாளிக்கு அடியில் பாத்திரம் வைக்கிற கதை.

இதையெல்லாம் செய்யாதீங்க!

● அழகுக்காக எல்லா பிளக் வயரையும் சேர்த்து ஒரே கட்டாக டை போடுவது. ஒன்றின் வோல்டேஜ் இன்னொன்றில் ஏறும். இடைவெளி விட்டுப் பிடிக்கும் கிளிப் போடுங்கள்.

● இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பாட்டு கேட்க சாவியை ‘இக்னிஷன்’ நிலையில் நெடுநேரம் விட்டுவைப்பது. சில கிட்களில் காயிலும் மாட்யூலும் சூடாகி எரிந்துபோகும். வண்டியில் ‘ஆக்ஸசரி’ நிலை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

● பழைய லூகாஸ் கால வண்டிகளில் எர்த் எந்தப் பக்கம் என்று பார்க்காமலேயே கிட் மாட்டுவது. சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அதற்குத் தனி கிட் உண்டு. மாற்றிக் கொடுத்தால் புகையோடு முடியும்.

● காயிலின் ஓம் அளவைப் பார்க்காமல் ‘ஸ்போர்ட்ஸ் காயில்’ வாங்கிப் போடுவது. கிட் 3 ஓம் கேட்கும்போது ஒன்றரை ஓம் காயில் போட்டால் கரன்ட் இரண்டு மடங்காகும்.

● தேய்ந்த பிளக்கை அப்படியே விடுவது. இடைவெளி கூடக் கூட பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டியிருக்கும். வோல்டேஜ் கூடினால் கசிவும் சத்தமும் சேர்ந்தே கூடும்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு?

இதே கதைதான். பழைய புல்லட்டில் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் போட்டவர்கள், ஹேண்டில்பாரில் மொபைல் சார்ஜரும் ப்ளூடூத் ஹெல்மெட்டும் வைத்திருந்தால் இரைச்சலைக் கவனித்திருக்கலாம். ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் ஒன்று மாட்டினாலே பெரும்பாலும் அடங்கும். ரெசிஸ்டர் பிளக்கும் ரெசிஸ்டர் கேப்பும் சேர்த்துப் போடலாமா என்பதை மட்டும் கிட் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் எங்கே கிடைக்கும்?

பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டர் மாதிரி உதிரி பாகங்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு. பழைய வண்டியின் கிளிப், பிராக்கெட், ஒரிஜினல் சப்ரஷன் டப்பா என்று தேடினால் புதுப்பேட்டை. ஃபெரைட் வளையம், கெப்பாசிட்டர், உறை போட்ட வயர், ஹீட் ஷ்ரிங்க் டியூப் எல்லாம் ரிச்சி தெரு. மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கம்தான். மெட்ரோவில் எல்.ஐ.சி ஸ்டேஷனோ அரசினர் தோட்டம் ஸ்டேஷனோ இறங்கினால் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

பிளக் வாங்கும்போது மட்டும் உஷார். போலிகள் உண்டு. பேக்கிங்கை மட்டும் நம்பாமல், ரெசிஸ்டர் பிளக்கின் மேல் முனைக்கும் நடு முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சில ஆயிரம் ஓம் காட்டணும். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அது ரெசிஸ்டர் பிளக்கே இல்லை.

சட்டச் சிக்கல் வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஜினையே மாற்றுவது, எரிபொருளை மாற்றுவது போன்றவற்றுக்கு ஆர்.டி.ஓ அனுமதி தேவை. இக்னிஷன் வேலையோடு சேர்த்து அப்படி ஏதாவது செய்யப்போகிறீர்கள் என்றால் முதலில் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம்.

எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

வேலையை நீங்களே செய்யப்போவதில்லையா? பரவாயில்லை. வண்டியை விடுவதற்கு முன் இந்த ஐந்தையும் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

1. அண்ணா, பிளக் வயர் கார்பன் கோரா, செம்பா?
2. பிளக் நம்பரில் ‘ஆர்’ இருக்கா?
3. கிட்டுக்கு பவர் எங்கிருந்து எடுக்கிறீங்க? ஸ்டீரியோ வயரிலிருந்து இல்லையே?
4. சென்சார் வயர் எந்த வழியா போகுது? பிளக் வயரை ஒட்டி வருதா?
5. எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்டைச் சுரண்டியாச்சா?

ஐந்துக்கும் சரியான பதில் வந்தால் சாவியைக் கொடுங்கள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, ரேடியோவை 720 கிலோஹெர்ட்ஸில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை லேசாக ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். பேச்சு மட்டும் கேட்டால் வயரிங் ஓகே. ‘டிக் டிக்’ கேட்டால் பணத்தைக் கொடுப்பதற்கு முன் பானெட்டை இன்னொரு முறை திறக்கச் சொல்லுங்கள்.